லீவர் ரைஃபிள் தகராறு செய்கிறதா? அறிகுறி பார்த்துப் பழுது பிடிக்கும் வழி

கடந்த பதினைந்து ஆண்டுகளில் அமெரிக்கக் கடைகளில் விற்ற லீவர் ஆக்‌ஷன் ரைஃபிள்களில் (டிரிகருக்குக் கீழே உள்ள லீவரை ஆட்டித் தோட்டா ஏற்றும் வகை) வரும் பழுதுகள் இரண்டு வகை. முதலாவது, முடிக்காமல் விட்ட வேலை: பிசிறு எடுக்காத ஓரம், கழுவாமல் உள்ளே கிடக்கும் இரும்புத்தூள், மழுக்காத விளிம்பு. உப்புத்தாளும் கரைப்பானும் ஒரு மதியப் பொழுதும் இருந்தால் வீட்டிலேயே தீர்ந்துவிடும். இரண்டாவது, தப்பாக வெட்டிய இரும்பு: சாய்வாக முறுக்கிய பேரல் (குழல்), சொரசொரப்பான சேம்பர் (சுடும்போது தோட்டா உட்காரும் அறை), அளவு மீறிய ஹெட்ஸ்பேஸ் (சேம்பரைப் பின்னாலிருந்து மூடும் போல்ட்டுக்கும் தோட்டாவின் விளிம்பு தாங்கும் இடத்துக்கும் உள்ள தூரம்). இதில் நாம் அரத்தை வைத்தால், அதுவரை ஆலையின் பழுதாக இருந்தது நம் பழுதாகிவிடும். வாரண்டியும் போய்விடும். கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் எது எந்த வகை என்று பிரித்துக் கொடுத்திருக்கிறோம். அதிகம் பேசப்படுவது மார்லின் 336, 1894, 1895 மாடல்கள்தான். தேவையான இடத்தில் வின்செஸ்டர் 94, ரோஸி 92 வருகின்றன.

கை வைப்பதற்கு முன்

தோட்டா எல்லாம் வேறு அறைக்குப் போகட்டும். லீவரை முழுதாகத் திறந்து, சேம்பருக்குள் விரல் விட்டுத் தடவிப் பாருங்கள். பிறகு டார்ச் அடித்து, பேரலுக்கு அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் மேகசின் குழாயின் வாயைப் பாருங்கள். அங்கே தோட்டாக்களைப் பின்னோக்கித் தள்ளும் ஃபாலோயரின் முனை தெரிய வேண்டும். குழாய் மேகசினில் ஒரு தோட்டா சிக்கி நின்றால், லீவரை எத்தனை முறை அடித்தாலும் வெளியே வராது. "காலி" என்று நம்பி ஏமாறுவது இங்கேதான்.

சோதனைக்கு உயிருள்ள தோட்டா வேண்டாம். அதே அளவும் அதே மூக்கும் உள்ள டம்மி தோட்டா ஆறு போதும். பக்கவாட்டுச் சுவர் இணையாக அரைத்த துப்பாக்கி ஸ்க்ரூ டிரைவர் பிட் கட்டாயம். வீட்டு டிரைவரின் ஆப்புமுனை ஸ்க்ரூவின் காடியைத் தின்றுவிடும்.

எந்தக் காலத்து மார்லின்?

பழுதை ஊகிக்க இது பாதி உதவி. பேரலில், ரிசீவருக்கு (இயங்கும் பாகங்கள் அடங்கிய இரும்பு உடல்) சற்று முன்னால், ஜே.எம். முத்திரை இருந்தால் அது கனெக்டிகட் மாநிலம் நார்த் ஹேவனில் செய்த பேரல். 2007 கடைசியில் ரெமிங்டன் மார்லினை வாங்குவதாக அறிவித்தது. நார்த் ஹேவன் ஆலை 2011இல் மூடப்பட்டு, வேலை நியூயார்க் மாநிலம் இலியனுக்குப் போனது. இயந்திரங்கள் லாரி ஏறின. அரத்தோடு உட்கார்ந்து ஒவ்வொரு பாகத்தையும் பொருத்திக்கொண்டிருந்த கைகள் அவற்றோடு போகவில்லை. அந்த இடைக்காலத் துப்பாக்கிகளைத்தான் வாங்குபவர்கள் 'ரெம்லின்' என்று சலித்துக்கொள்கிறார்கள். அவற்றின் பேரலில் ஆர்.ஈ.பி. முத்திரை இருக்கும். 2020இல் ரெமிங்டன் திவாலானபோது ரூகர் மார்லினை வாங்கியது. 2021 கடைசியிலிருந்து வட கரோலினாவின் மேயோடனில் தயாராகிறது. அவற்றின் வரிசை எண் ஆர்.எம். என்று தொடங்கும்.

ஆர்.ஈ.பி. என்றாலே குப்பை என்பதும் இல்லை, ஜே.எம். என்றாலே தங்கம் என்பதும் இல்லை. இலியனின் பிந்தைய ஆண்டுத் துப்பாக்கிகள் முந்தையவற்றைவிடத் தேறியவை. ஆலை மாறிய நேரத்தில் மிச்சமிருந்த ஜே.எம். பேரல்கள் புது ரிசீவரில் ஏறியதும் உண்டு. முத்திரைக்குக் கூடுதல் விலை கொடுப்பதற்கு முன் கீழே உள்ள சோதனைகளைச் செய்துவிடுங்கள்.

அறிகுறி: லீவர் பாதியில் நின்றுவிட்டது, திறக்கவும் இல்லை, மூடவும் இல்லை

இதற்கு 'மார்லின் ஜாம்' என்றே பெயர். நார்த் ஹேவன் காலத்திலும் இருந்த நோய்தான். விளிம்பு மழுக்காத லீவர்களில் சீக்கிரமே வருகிறது. குழாயிலிருந்து இரண்டாவது தோட்டா வேளை கெட்டு வெளியே வந்து, தோட்டாவைச் சேம்பர் உயரத்துக்குத் தூக்கும் கேரியருக்கு அடியில் நுழைந்து அடைத்துக்கொள்கிறது.

*முதலில் விடுவிப்பது.* லீவரைப் பலம் கொண்டு இழுக்காதீர்கள். லீவரோ கேரியரோ வளையும். குழல்வாய் பத்திரமான பக்கம் இருக்கட்டும். லீவர் ஸ்க்ரூவைக் கழற்றி, லீவரைக் கீழே இழுத்தெடுத்து, போல்ட்டைப் பின்பக்கமாக உருவுங்கள். ரிசீவரின் இடது உட்சுவரிலிருந்து, வெற்றுக்கூட்டைத் தெறிக்கவிடும் எஜெக்டர் தானாக விழும், தொலைத்துவிட வேண்டாம். கேரியர் மேல் இருக்கும் தோட்டாவை எடுத்துவிட்டு, அடியில் நுழைந்ததை ஒரு மரக்குச்சியால் குழாய்க்குள் தள்ளி மெல்ல வெளியே விடுங்கள். சேம்பருக்குள் உயிருள்ள தோட்டா இருந்து போல்ட்டும் நகரவில்லை என்றால் அதற்கு மேல் முயல வேண்டாம். துப்பாக்கி மெக்கானிக்குக்கு ஃபோன் செய்து நிலைமையைச் சொல்லிவிட்டு, அவர் சொல்கிறபடி செய்யுங்கள்.

*லீவரை அரைகுறையாக அடிக்கிறோமா?* டம்மி ஆறையும் ஏற்றி, லீவரை இரு முனையிலும் இடிக்கும்வரை உறுதியாக அடித்துப் பாருங்கள். முப்பது முறையில் ஒரு தடவைகூடச் சிக்கவில்லை என்றால் பழுது கையில்தான்.

*லீவர் ஸ்க்ரூ தளர்ந்திருக்கிறதா?* கால் சுற்றுத் தளர்ந்தாலே வேளை மாறும். எண்ணெய் துடைத்துவிட்டு, பிறகு கழற்றக்கூடிய வகை மரைப்பசை ஒரு சொட்டு வைத்து முறுக்குங்கள்.

*கேரியரில் வெட்டு விழுந்திருக்கிறதா?* பெரும்பாலும் விடை இங்கேதான். கேரியரை எழுப்பும் லீவர் முனை கூராக இருந்தால், அது ஒவ்வொரு அடியிலும் கேரியரின் அடிப்பக்கத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவும். கேரியர் எழ வேண்டிய உயரத்துக்கு ஒரு மயிரிழை குறைவாக எழும். அந்த இடைவெளியில் அடுத்த தோட்டாவின் விளிம்பு நழுவிவிடும். நகத்தால் தடவிப் பாருங்கள். பளபளப்பான கோடு மட்டும் என்றால் கவலை இல்லை. நகம் மாட்டும் பள்ளம் என்றால் கேரியர் போய்விட்டது.

இன்னும் பள்ளம் விழவில்லை என்றால் லீவர் முனையின் கூர் ஓரத்தை மட்டும் 600 உப்புத்தாளால் மழுக்குங்கள். ஓரத்தைத்தான், அதன் வளைவைத் தொடக் கூடாது, வளைவுதான் வேளையைத் தீர்மானிக்கிறது. பள்ளம் விழுந்திருந்தால் புதுக் கேரியர் வாங்க வேண்டும். அதைப் பொருத்துவது மெக்கானிக் வேலை: வாங்கி வந்த கேரியர் அப்படியே உட்காருவதில்லை, உயரம் பார்த்து அரம் போட வேண்டும். லீவர் விளிம்பை மழுக்காமல் புதுக் கேரியர் மட்டும் போட்டால் அதுவும் அதே வழியில் போகும்.

அறிகுறி: தோட்டா சேம்பர் வாயில் மூக்கை முட்டி நிற்கிறது

துப்பாக்கியைச் சந்தேகிக்கும் முன் தோட்டாவைப் பாருங்கள். .357 மேக்னம் துப்பாக்கியில் .38 ஸ்பெஷல் போடுபவர்களிடம்தான் இந்தப் புகார் அதிகம். நீளம் குறைவு என்பதாலும், தோள்பட்டை கூரான செமி வாட்கட்டர் குண்டு என்பதாலும் முட்டும். .357க்கு நிர்ணயித்த அதிகபட்ச மொத்த நீளம் 1.590 அங்குலம். உருண்டைத் தோளும் தட்டை மூக்கும் உள்ள .357 பெட்டி ஒன்றை வாங்கிப் போட்டுப் பாருங்கள். அது ஓடினால் துப்பாக்கி நலம்.

கூர்மூக்குத் தோட்டாவைத் தீர்வாக நினைக்கவே வேண்டாம். குழாய் மேகசினில் ஒன்றன் மூக்கு முன்னதன் பிரைமரில் (தோட்டாவின் அடியில் மருந்தைப் பற்றவைக்கும் பகுதி) உட்கார்ந்திருக்கும். பின்னுதையில் குழாய்க்குள்ளேயே வெடிக்கக்கூடும். லீவர் துப்பாக்கிக்கென்றே செய்த மென்மையான பிளாஸ்டிக் முனைத் தோட்டா மட்டும் விலக்கு.

தோட்டா சரி என்றால் அடுத்தது குழாய். பேரல் பட்டையின் ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு மறுபடி ஓட்டிப் பாருங்கள். பட்டை குழாயை நெரித்தால் ஃபாலோயர் திக்கும், தோட்டா அரைமனதாக வரும். குழாயின் முனை மூடியை எடுத்து உள்ளே எண்ணெய்ப் பிசுக்கையும் இரும்புச் சுருளையும் துடைத்தெடுங்கள்.

இவை எல்லாம் முடிந்தும் ஒரே இடத்தில் முட்டினால், சேம்பர் வாயின் ஓரம் கூராகவே விடப்பட்டிருக்கிறது. அந்த ஓரத்தை உடைப்பது மெக்கானிக் வேலை. அதிகம் எடுத்தால் வெற்றுக்கூட்டுக்கு அந்த இடத்தில் தாங்கல் இல்லாமல் போய்விடும்.

1964க்குப் பிந்தைய வின்செஸ்டர் 94இல் இந்த அறிகுறி வந்தால் கேரியரைக் கழற்றிப் பாருங்கள். அந்த ஆண்டுச் செலவுக் குறைப்பில் கடைந்த எஃகுக் கேரியரை விட்டுத் தகட்டை மடக்கிச் செய்ததைப் போட்டார்கள். அது வளைந்திருக்கும். நிமிர்த்தினால் கொஞ்ச நாள் ஓடும், மாற்றுவதே சரி.

அறிகுறி: லோடிங் கேட் கட்டைவிரலைக் கீறுகிறது, தோட்டா ஏற மறுக்கிறது

முடிக்காத வேலைக்குப் பாட நூல் உதாரணம். ரிசீவரின் பக்கத்தில் தோட்டா ஏற்றும் வாயை மூடும் ஸ்பிரிங் கதவுதான் இந்த கேட். அதன் ஸ்க்ரூவைக் கழற்றி எடுத்து, விளிம்பு முழுவதையும் 400, பிறகு 600 உப்புத்தாளால் மழுக்குங்கள். ரிசீவரில் கேட் திறக்கும் வாயின் உள் ஓரத்தையும் அதே மாதிரி. வெளி ஓரத்தைத் தொட்டால் நிறம் போகும். ஸ்பிரிங் விறைப்பைக் குறைக்க வளைக்க வேண்டாம். திரும்ப மாட்டும்போது ஸ்க்ரூ தலை வெளிச்சுவரோடு சமமாக உட்காருகிறதா என்று பாருங்கள். ரோஸி 92இல் ஸ்பிரிங்குகள் எல்லாமே ஒரு பிடி அதிக விறைப்பு. ஒரு உபாயம்: தோட்டாவை முழுதாக உள்ளே தள்ளாமல் விளிம்பு வெளியே தெரிய நிறுத்தி, அடுத்த தோட்டாவின் மூக்கால் அதைத் தள்ளுங்கள். கேட் மூடாது, விரலும் தப்பும்.

அறிகுறி: லீவர் மணல் அரைப்பது போல ஓடுகிறது

கழுவுங்கள், முதலில் அதுதான். போல்ட்டை உருவி, ரிசீவருக்குள் கரைப்பான் அடித்து, வெள்ளைத் துணியால் துடையுங்கள். துணியில் மினுக்கும் துகள் வந்தால் ஆலையில் கழுவாமல் பூட்டியிருக்கிறார்கள். துகள் வருவது நிற்கும்வரை மூன்று நான்கு முறை ஆகலாம். பிறகு மெல்லிய எண்ணெய், லீவரின் உரசும் இடங்களில் மட்டும் கடுகளவு கிரீஸ்.

கழுவியும் அரைத்தால், போல்ட்டில் மார்க்கர் பூசி இருபது முறை ஓட்டுங்கள். எங்கே மசி அழிகிறதோ அங்கே பிசிறு. போல்ட்டின் பக்கவாட்டு ஓரங்கள், ஹேமரை (சுடும்போது விழும் சுத்தியல்) மிதித்துக்கொண்டு போகும் பின்முனை, இவை இரண்டிலும் மெருகு போடலாம். மூடிய போல்ட்டைப் பூட்டி நிறுத்தும் பூட்டுக்கட்டையின் தாங்கு முகத்தையும், ஹேமரின் காடி, அதைப் பிடித்துவைக்கும் சியர் ஆகியவற்றையும் தொடக் கூடாது. முதலாவது ஹெட்ஸ்பேஸைக் கெடுக்கும். மற்றவை கெட்டால் துப்பாக்கி தானாக வெடிக்கும்.

திறக்கும் தொடக்கத்திலும் மூடும் கடைசியிலும் மட்டும் கெட்டி என்றால், லீவரை மூடிய நிலையில் பிடித்துவைக்கும் சிறு பிளஞ்சரின் முனை சொரசொரப்பு. முனையை மெருகேற்றினால் போதும்.

அறிகுறி: ஹேமர் விழுகிறது, தோட்டா வெடிக்கவில்லை

குழல்வாயை இலக்கின் பக்கமே வைத்து முப்பது வினாடி காத்திருங்கள். வெடி தாமதமாகவும் வரலாம். பிறகு தோட்டாவை எடுத்துப் பிரைமரைப் பாருங்கள். மீதியை அதுவே சொல்லும்.

*பிரைமரில் அடையாளமே இல்லை.* குறுக்குப் பூட்டு (பக்கவாட்டில் தள்ளும் பாதுகாப்புப் பொத்தான்) போட்டிருக்கிறது. 1980களின் நடுவிலிருந்து மார்லினில் இது உண்டு. சிவப்பு வளையம் தெரியாவிட்டால் ஹேமர் பூட்டின்மேல்தான் விழும். பாதி தள்ளியும் நிற்கக்கூடும்.

*மேலோட்டமான பள்ளம்.* லீவர் கடைசி நூலளவு மூடவில்லை என்பது முதல் சந்தேகம். பிரைமரைக் குத்தும் ஃபயரிங் பின் மார்லினில் இரண்டு துண்டு. பூட்டுக்கட்டை முழுதாக ஏறினால்தான் பின் துண்டு முன் துண்டோடு நேராகும். அடுத்து, போல்ட்டுக்குள் கெட்டியான எண்ணெய். குளிர் நாளில் மட்டும் தவறினால் இதுதான். அதற்கும் அடுத்து, டிரிகர் லேசாக இருக்கட்டும் என்று யாரோ போட்ட மெலிந்த ஹேமர் ஸ்பிரிங். பழையதை மாட்டுங்கள். 1990களின் வின்செஸ்டர் 94இல் அடித்ததும் பின்வாங்கும் ஹேமர் இருக்கிறது; அதற்கு இயல்பிலேயே அடி கொஞ்சம் குறைவு, எனவே ஸ்பிரிங் மெலிவு அதில் சீக்கிரம் தெரியும்.

*பள்ளம் நடுவில் இல்லை, அல்லது எல்லாம் சரியாக இருந்தும் தவறுகிறது.* மெக்கானிக்கிடம் போங்கள். ஹெட்ஸ்பேஸ் அளக்க வேண்டும்.

டிரிகர் இழுபடவே இல்லையா? லீவரைப் பிடியோடு சேர்த்து அழுத்திப் பிடியுங்கள். அழுத்தினால்தான் டிரிகர் விடுபடும் பாதுகாப்பு அது, பழுதன்று.

அறிகுறி: வெற்றுக்கூடு வெளியே தெறிக்கவில்லை

கூடு சேம்பரிலேயே நிற்கிறதா, வெளியே வந்து ரிசீவருக்குள் விழுகிறதா என்று பிரியுங்கள்.

சேம்பரிலேயே நின்றால்: சேம்பரைப் பிரஷ் போட்டுச் சுத்தம் செய்யுங்கள். கூட்டைப் பிடித்திழுக்கும் எக்ஸ்ட்ராக்டர் கொக்கியில் பிசிறோ அழுக்கோ இருக்கிறதா பாருங்கள். பிறகு கூட்டையே வெளிச்சத்தில் திருப்புங்கள். உடம்பைச் சுற்றி மெல்லிய வளையக் கோடுகள் இருந்தால் அவை சேம்பர் வெட்டிய கருவியின் தழும்புகள், ஆலைக்குத்தான் அனுப்ப வேண்டும்.

உள்ளே விழுந்தால்: லீவரை மெல்ல அடிப்பதே பெரும்பாலும் காரணம். இல்லாவிட்டால் எஜெக்டர். அதன் சிறு முளை ரிசீவரின் இடது சுவரில் உள்ள துளையில் உட்கார வேண்டும். பூட்டும் வரிசை எஜெக்டர், போல்ட், லீவர், ஸ்க்ரூ. எஜெக்டரின் ஸ்பிரிங் உடைந்திருந்தால் மாற்றுவது எளிது, மலிவு.

அறிகுறி: முன் சைட் ஒருபக்கம் சாய்ந்திருக்கிறது

ரெம்லின் காலத்தில் அதிகம் வந்த புகார் இது. பேரலில் சைட்டுக்கான (குறிபார்க்கும் முளை) காடிகளை முன்பே வெட்டிவிட்டு, பிறகு ரிசீவரில் முறுக்குகிறார்கள். முறுக்கு கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ சைட் உச்சி பிசகும். கண்ணால் மட்டும் தீர்ப்புச் சொல்லாதீர்கள். கன்னம் சாய்ந்தாலும் சைட் சாய்ந்தது போலத் தெரியும்.

துணி சுற்றிய வைஸில் துப்பாக்கியைப் பிடித்து, ரிசீவரின் தட்டையான பக்கச் சுவரில் ரசமட்டம் வைத்துச் செங்குத்தாக்குங்கள். 336இன் மேற்பக்கம் உருண்டை, அதில் மட்டம் பார்க்க முடியாது. சைட்டுக்குப் பின்னால் ஒரு நூலில் தூக்குக்குண்டு தொங்கவிட்டு, பின்னால் நின்று பாருங்கள். நூலோடு சைட் ஒத்துப்போகிறதா?

முன் சைட் மட்டும் சாய்வு என்றால் அதன் அடித்தள ஸ்க்ரூக்களைத் தளர்த்தி மறுபடி உட்காரவைத்துப் பாருங்கள். சில சமயம் கதை அதோடு முடிந்துவிடும். முன்னும் பின்னும் ஒரே பக்கம் சாய்ந்தால் பேரலே பிசகி முறுக்கியிருக்கிறது. எண்கோணப் பேரலில் இது சட்டென்று தெரியும்: மேல்முகம் ரிசீவரோடு ஒத்துப்போகாது.

சாய்வு சிறிது, குறி பக்கவாட்டில் மட்டும் தவறுகிறது என்றால் பின் சைட்டைக் காடியில் தள்ளலாம். கணக்கு இது: குறி தவறும் அளவை இரு சைட்டுகளுக்கும் இடைப்பட்ட தூரத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுங்கள். சைட்டுகளுக்கிடையே 16.5 அங்குலம், 100 கஜத்தில் (3,600 அங்குலம்) 10 அங்குலம் இடப்பக்கம் தவறுகிறது என்றால், பின் சைட்டை 0.046 அங்குலம் வலப்பக்கம் தள்ள வேண்டும். அது ஒரு மில்லிமீட்டரை மிஞ்சும். கண்ணுக்கே கோணலாகத் தெரியும். அவ்வளவு தள்ள வேண்டியிருந்தால் தள்ளிச் சமாளிக்காதீர்கள், திருப்பி அனுப்புங்கள். பேரலைத் திருப்பப் பேரல் வைஸும் ரிசீவர் பிடியும் வேண்டும். குழாய் முறுக்கும் ஸ்பேனரால் முயன்றவர்கள் ரிசீவரையே திருகியிருக்கிறார்கள்.

அறிகுறி: குறி சிதறுகிறது

இரும்பு சைட் வைத்த .30-30 துப்பாக்கி 100 கஜத்தில் மூன்று அங்குலத்துக்குள் அடித்தால் அதைப் பழுது என்று சொல்ல முடியாது. அதை மீறினால் ஸ்க்ரூக்கள், சைட்டு, வேறு கம்பெனித் தோட்டா என்ற வரிசையில் பாருங்கள். குண்டுகள் மேலும் கீழுமாக ஒரே கோட்டில் ஏறினால், சூடாகும் பேரலைப் பட்டையும் குழாயும் இழுக்கின்றன. ஒவ்வொரு மூன்று குண்டுக்கும் ஆறவிட்டுப் பாருங்கள். மணல் மூட்டையில் ஊன்றுவது முன்மரமாக இருக்கட்டும், பேரலாக வேண்டாம். குழல்வாய் ஓரத்தில் பஞ்சு இழுத்துப் பாருங்கள். இழை மாட்டினால் அங்கே பிசிறு, அதை எடுப்பது மெக்கானிக்.

அறிகுறி: பிரைமர் பிதுங்குகிறது, அல்லது கூட்டில் பளிச்சென்று ஒரு வளையம்

சுடுவதை நிறுத்துங்கள். இதற்கு வீட்டு வைத்தியம் இல்லை.

பிரைமர் பிதுங்குவது வீரியம் குறைந்த தோட்டாவாலும் நேரும். எனவே வேறு பெட்டிக் கூடுகள் இருந்தால் ஒப்பிடலாம். ஆனால் விளிம்புக்குச் சற்று மேலே கூட்டைச் சுற்றி வெளிறிய வளையம் இருந்தால், பேப்பர் கிளிப்பின் நுனியைச் சற்றே வளைத்து உள்ளே விட்டு இழுங்கள். வளையம் உள்ள இடத்தில் பள்ளம் தட்டினால் அந்தக் கூடு இரண்டாகப் பிரியும் நிலையில் இருக்கிறது. .30-30க்கு ஹெட்ஸ்பேஸ் 0.063 முதல் 0.070 அங்குலம் வரை இருக்கலாம். அதை கேஜ் வைத்து மெக்கானிக் அளக்கட்டும். கேஜ் வாங்கி நீங்களே அளந்தாலும் அடுத்த வேலை உங்களுடையது அல்ல.

பழுது போலத் தெரிபவை

மார்லின் டிரிகர் முன்னும் பின்னும் தொளதொளவென்று ஆடுவது அதன் அமைப்பு. டிரிகரும் சியரும் தனித்தனி. பிடிக்காவிட்டால் ஒரே துண்டாகச் செய்த டிரிகர் வாங்கலாம்.

மரத்துக்கும் இரும்புக்கும் இடையே இடைவெளி அசிங்கம், ஆனால் ஆபத்தில்லை. ஆபத்து அதற்கு நேர்மாறானது: ரிசீவரின் மேல்வாலின் பின்முனை மரத்தை இடித்துக்கொண்டு நின்றால், .45-70 போன்ற பெரிய தோட்டாவின் உதையில் அங்கிருந்தே மரம் பிளக்கும். அந்த இடத்தில் தடித்த காகிதம் நுழையும் அளவு இடம் வேண்டும்.

1964க்குப் பிந்தைய பழைய வின்செஸ்டர் 94இன் ரிசீவர் நிறம் உரிந்து ஊதாவாக மாறினால், அந்த உலோகக் கலவை வழக்கமான சூட்டுச் சாயத்தை (துப்பாக்கி இரும்புக்குப் போடும் கருநீல நிறம்) ஏற்காது. தெரியாத கடையில் சாயத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

ஆலைக்கு அனுப்பும்போது

அமெரிக்கச் சட்டப்படி, உரிமம் பெற்ற தயாரிப்பாளருக்குப் பழுதுபார்க்க உரிமையாளரே அனுப்பலாம். அது நேராக உங்களுக்கே திரும்பி வரும். முன்கூட்டி அழைத்துப் பதிவு எண் வாங்குங்கள். எந்த கூரியர் ஏற்கும் என்பதையும் அவர்களிடமே கேளுங்கள். ஸ்கோப், வார், பிற்பாடு வாங்கிய ஸ்பிரிங் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். ஆலையின் பாகங்களைத் திரும்ப மாட்டுங்கள். வெடித்த கூடு மூன்று நான்கு, சுட்ட இலக்குத் தாள், தூக்குக்குண்டோடு எடுத்த படம், எந்தத் தோட்டா, எத்தனையாவது அடியில் நடந்தது என்று ஒரு பக்கக் குறிப்பு, இவை பெட்டிக்குள் போகட்டும். "சரியாக ஓடவில்லை" என்று மட்டும் எழுதி அனுப்பிய துப்பாக்கி, எண்ணெய் போட்டுத் துடைத்து அப்படியே திரும்பி வரும். உயிருள்ள தோட்டா ஒன்றுகூடப் பெட்டியில் இருக்கக் கூடாது. மூடுவதற்கு முன் மேகசின் குழாயில் இன்னொரு முறை டார்ச் அடித்துவிடுங்கள்.